ஆடி மாதத்தில் ஒரு டியூனிங்

புதிதாகக் கல்யாணம் ஆனவன் கையில் ஆடி மாதத்தில் ஸ்குரூடிரைவர் கிடைக்கவே கூடாது. எனக்குக் கிடைத்தது.

ஆடி பிறக்கும் முன்பே மாமனார் வந்து என் மனைவி மலரைத் திருவரங்குளத்துக்கு அழைத்துப் போய்விட்டார். மாதம் முடியும்வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நான் புதுக்கோட்டையில் தயிர்சாதமும் தவிப்புமாகக் கிடந்தேன். (தயிர்சாதம்கூடப் பரவாயில்லை.)

ஒருநாள் போனில் மலர், "ஒங்களப் பாக்கணும்போல இருக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். "நாளைக்கு மத்தியானம் அப்பா தூங்குவாங்க. கொல்லைப்பக்கமா வந்துருங்க" என்றாள்.

சிக்கல் என் பைக்தான். பழைய வண்டி, கிளம்பினால் ஊருக்கே தெரியும். மெக்கானிக்கிடம் போனால் காரணம் கேட்பார். ஆகவே ஒரு வீடியோவைப் பார்த்து, சத்தத்தைக் குறைக்க நானே டியூனிங்கில் இறங்கினேன். கார்ப்பரேட்டர் திருகுகளைத் தொடுவதற்கு முன், அவை எந்த நிலையில் இருந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டுமாம். அது வீடியோவின் கடைசியில் வருகிறது. நான் கடைசிவரை பார்க்கவில்லை. திருகத் திருக இன்ஜின் பூனைபோல முனகியது. அடடா, நமக்குள் இப்படியொரு மெக்கானிக்கா என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்த வண்டி, மாமனார் வீட்டு வாசலுக்கு நேராக நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். (இன்றைக்குத் தோன்றுகிறது.) நான் உதைத்தேன், உதைத்துக்கொண்டே இருந்தேன். எரியாத பெட்ரோலெல்லாம் சைலன்ஸரில் போய்ச் சேர்ந்து, கடைசி உதைக்கு 'டமார்' என்று வெடித்தது. கோழிகள் கூரை ஏறின. எதிர் வீட்டு அக்கா, "ஐயோ, சிலிண்டரு!" என்று ஓடிவந்தார். மாமனார் துண்டை வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாப்ளெ?"

"இங்கிட்டு ஒரு வேலையா வந்தேன் மாமா."

"என்ன வேலை?"

நான் குனிந்து சைலன்ஸரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கதவோரம் மலர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண் கலங்கியிருந்தது. மாமனார் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தின நாள் கிரீஸ் இன்னும் போகாத என் கைகளைப் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு உள்ள வாங்க. ஆடின்னா சோறு திங்கக் கூடாதுன்னா இருக்கு?" என்றவர், "மலரு, மாப்ளைக்கு எலையப் போடு" என்று சொல்லிவிட்டு, மறுபடி தூங்கப் போகிறவர்போல உள்ளே போய்விட்டார். மலர் பரிமாறினாள். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. அந்த மனிதர்மேல் அன்று வந்த பிரியம் மட்டும் இன்னும் குறையவில்லை.

இப்போதும் தீபாவளிக்குத் தெருவில் முதல் வெடி வெடித்ததும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், மாமனார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "மலரு, மாப்ளை வந்துட்டாரு. எலையப் போடு."