மிஸ்ஸுக்கு வைத்த உப்புத் தேத்தண்ணி

எங்கள் தீவில் நல்ல தண்ணீர் இல்லாத வீட்டைக் காட்டலாம். அபிப்பிராயம் இல்லாத வீட்டைக் காட்ட முடியாது. பாலம், பஸ், வீதி விளக்கு, கட்டாக்காலி மாடு, எதைப் பற்றிக் கேட்டாலும் ஆளுக்கொரு திட்டம் கைவசம் இருக்கும். நான் புங்குடுதீவில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம், இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் இல்லை. ஆனால் குறிகட்டுவானில் ஏறுகிற ஆள் மடத்துவெளியில் இறங்குவதற்குள் இந்த நாட்டின் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துக் கையில் கொடுத்துவிடுவேன். (இறங்கினதும் அந்த ஆள் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். என் பேச்சை யோசித்துக்கொண்டு போகிறார் என்றுதான் போன வருசம்வரை நினைத்திருந்தேன்.)

இந்த வாய் அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு அபிப்பிராயம். தண்ணி பவுசர் கோயிலடிச் சந்தியோடு நின்றுவிடும். எங்கள் ஒழுங்கையின் முடக்கில் அந்தப் பெரிய வாகனம் திரும்பாது. அதனால் முடக்குக்கு அங்கால் இருக்கிற வீட்டுக்காரர் எல்லாரும் தண்ணிக் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்திக்குப் போக வேணும். எந்தக் கூட்டத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் அம்மா கையை உயர்த்துவார்.

"சேர், பவுசர் வராது எண்டா முடக்கில ஒரு தண்ணித் தாங்கியாவது வையுங்கோ. சின்னப் பவுசராலயாவது நிரப்பலாம்."

"கவனத்தில எடுக்கிறம், அம்மா."

வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லுவார்: "இந்த முறையும் எடுத்துக்கொண்டு போட்டினம். கொண்டுபோய் எங்க வைக்கினமோ தெரியேல்லை."

போன வருசம் ஒரு காலையில் அம்மா வெறும் கானைச் சைக்கிளில் கட்டினார். "கொஞ்சம் இருந்திட்டுப் போறன்" என்று வாசல் படலையடியில் இருந்தார். எழும்பவில்லை. நெஞ்சு என்று சொன்னார்கள். அந்தக் கானைச் சைக்கிளிலிருந்து அவிழ்க்க எனக்கும் மனம் வரவில்லை, தங்கச்சி மதிக்கும் மனம் வரவில்லை. கனநாள் அது அப்படியே வேலியோடு சாய்ந்து நின்றது.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடிந்து கொஞ்சக் காலத்தில், தண்ணீர் விசயம் பார்க்கிற பெரிய மிஸ் ஒருவர் சனசமூக நிலையத்துக்கு வருகிறார், ஊராக்களின் அபிப்பிராயம் கேட்கப்போகிறார் என்று செய்தி வந்தது. அம்மாவின் இடத்தில் நான்தான் கதைக்க வேணும் என்று எல்லாரும் சொன்னார்கள். சும்மா கதைத்தால் இந்த முறையும் கவனத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே. இரவும் பகலும் யோசித்தேன். அம்மா எங்கே பிழைவிட்டார் என்று எனக்குப் பிடிபட்டது.

எங்கள் பக்கத்துக் குசினிகளில் இரண்டு குடம் இருக்கும். ஒன்றில் பவுசர்த் தண்ணி, மற்றதில் கிணற்றுத் தண்ணி. கிணறு உப்பு. வீட்டுக்காரர் இரண்டையும் கலந்து குடிப்போம். வீட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் முதல் குடத்துத் தண்ணி தனியாக அடுப்பில் ஏறும். வேலியை ஒரு முழம் எங்கள் பக்கம் அரக்கிப் போட்ட மனிசனுக்கும் அம்மா அந்தத் தண்ணியில்தான் தேத்தண்ணி கொடுத்தார். (அவர் குடித்துவிட்டு வேலியைத் திருப்பி வைக்கவில்லை. அது வேறு கதை.) கூட்டங்களுக்கும் அப்படித்தான். அதிகாரிகள் குடித்த தேத்தண்ணி எல்லாம் அம்மா சைக்கிளில் உருட்டி வந்த கானில் இருந்து போனது. அருமையான தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் குடிக்கத் தண்ணி இல்லை என்றால் யார் நம்புவார்?

"அம்மா கெட்டிக்காரிதான். ஆனா அவவுக்கு அரசியல் தெரியாமப் போச்சு" என்று மதியிடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியுமாக்கும்" என்றாள். மதி உயர்தரம் படிக்கிறவள். என்னை மதிக்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

என் திட்டம் இதுதான். மிஸ்ஸுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணியிலேயே தேத்தண்ணி வைப்பது. ஒரு வாய் குடித்து மிஸ்ஸின் முகம் கோணுகிற நேரம் பார்த்து நான் எழும்புவது. அதற்குப் பிறகு தாங்கி தானாக உருண்டு வரும்.

கூட்டத் தேத்தண்ணி, அம்மாவுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பூரணம் மாமியின் பொறுப்பு. நான் வைக்கிறேன் என்றதும் மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயோ? அடுப்பு எந்தப் பக்கம் எரியும் எண்டு தெரியுமோ மோனை?"

"எல்லாம் பழகிட்டன் மாமி. நீங்கள் ஆறுதலா இருங்கோ."

"தாயில்லாத பிள்ளை ஆசைப்படுது" என்று மாமி விட்டுவிட்டார்.

அது சோளகக் காற்று அடிக்கிற வறட்டுக் காலம். கிணறு அடியில் கிடந்தது. அள்ளி ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கடலே வீடு தேடி வந்து சுகம் விசாரித்த மாதிரி இருந்தது. பெரிய சந்தோசம் எனக்கு. கூட்டத்துக்குத் தேத்தண்ணி வைக்கிற பெரிய கிடாரத்தை நிறைத்து நிலையத்துக்குப் பின்னால் அடுப்பில் ஏற்றினேன். தேயிலை போட்டேன், சீனி போட்டேன். இஞ்சி போடவில்லை. இஞ்சி போட்டால் ஆதாரம் அழிந்துவிடும் அல்லவா. பிறகு "கொதிச்சதும் வார்த்தால் சரி மாமி" என்று சொல்லிவிட்டு, உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்து, ஓட்டோக் கண்ணாடியைப் பார்த்து என் பேச்சைப் பேசிப் பழகினேன்.

திரும்பி வரும்போது எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் அவசரமாக நிலையத்தின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். செம்பும் கையுமாகப் போனார்கள். நான் பேசப்போகிறேன் என்று அறிந்து நேரத்தோடு இடம்பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு விம்மியது. (செம்பு எதற்கு என்று ஏன் யோசிக்கவில்லை என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் இன்றைக்குவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.)

மிஸ் வந்தார். கூட ஒரு சின்ன சேர், பேனையும் பைலுமாக. நிலையத் தலைவர் வரவேற்றார். தேத்தண்ணி வந்தது. நான் முன்வரிசைக் கதிரையின் நுனியில் இருந்து மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாய். ஒன்றுமில்லை.

இரண்டாவது வாய். மிஸ் தலைவரோடு சிரித்துக் கதைக்கிறார்.

கோப்பை முடிந்தது. "இன்னொரு கோப்பை கிடைக்குமோ?" என்று கேட்டு வாங்கினார்.

என்ன ஒரு பண்பான மனிசி, ஊராக்களின் மனம் நோகக்கூடாது என்று உப்பைக் காட்டிக்கொள்ளாமல் குடிக்கிறாவே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இனித் தாங்கேலாது என்று எழும்பினேன்.

"மிஸ், இப்ப குடிச்சியளே ஒரு தேத்தண்ணி. அது எப்பிடி?"

"நல்லா இருந்தது, தம்பி."

"பயப்படாமச் சொல்லுங்கோ, மிஸ்."

"உண்மையாத்தான். நல்லா இருக்கு."

"நீங்கள் மரியாதைக்குக் குடிக்கிறியள். எங்களுக்குத் தெரியும். துப்ப வேணுமெண்டா துப்பலாம்!"

சின்ன சேர் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். தலைவர் என் சேட்டைப் பிடித்து இழுத்தார். நான் இருக்கவில்லை. ஓட்டோக் கண்ணாடிக்குச் சொன்னதை எல்லாம் மிஸ்ஸுக்கும் சொன்னேன்.

"இது எங்கட கிணத்துத் தண்ணி, மிஸ்! என்ர கையால அள்ளினனான். இதைத்தான் எங்கட சனம் குடிக்குது. இதைக் குடிச்சுத்தான் என்ர அம்மா கையை உயர்த்தி உயர்த்திக் கேட்டவ. இப்ப உங்கட வாயால சொல்லுங்கோ, இது மனிசர் குடிக்கிற தண்ணியோ?"

மிஸ் ஒருதரம் கோப்பையைப் பார்த்தார், ஒருதரம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. இவ்வளவு நல்ல தண்ணி உங்கட கிணத்தில இருக்கெண்டா, உங்களுக்கு ஏன் பவுசர்?"

சின்ன சேர் பைலைத் திறந்து எழுதத் தொடங்கினார். எனக்கு வாசிப்பு மட்டம்தான், ஆனால் தலைகீழாகக் கிடந்தும் அந்த எழுத்து நன்றாக விளங்கியது. 'முடக்குப் பகுதிக் கிணற்று நீர் குடிக்க உகந்தது.'

அம்மா இத்தனை காலம் கேட்டது ஒரு தாங்கி. நான் எழும்பிக் கதைத்த கதையில் சந்திக்கு வருகிற பவுசரும் நிற்கப்போகிறது. தலைவரின் கையில் இருந்த கோப்பையைப் பறித்து ஒரே வாயில் குடித்தேன். தேன் மாதிரி இருந்தது. இஞ்சியும் போட்டிருந்தது.

வாசலில் நின்ற பூரணம் மாமியைப் பார்த்தேன். மாமி கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தார்.

"மாமி! நான் வைச்ச தேத்தண்ணி எங்க?"

"ஊத்திப் போட்டன்."

"எவ்வளவை?"

"கிடாரத்தோட." மாமி இப்போது என்னை நேரே பார்த்தார். "ஒரு கரண்டி வாயில வைச்சுப் பாத்தனான். கோழிக்கு வைச்சாலும் கோழி எங்களை மதிக்காது. வந்த ஆக்களுக்கு அதைக் குடுக்கிறதோடா? கொம்மா இருந்திருந்தா அந்தக் கிடாரத்தை உன்ர தலையில கவிட்டிருப்பா!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு நிலம் பிளக்கவில்லை. எங்கள் தீவில் நிலத்துக்கு அடியில் போனாலும் உப்புத் தண்ணிதான், போய்ப் பயனில்லை.

மிஸ் சிரிக்கவில்லை. "அப்ப இது எந்தத் தண்ணி, அம்மா?" என்று கேட்டார்.

மாமி திரும்பவும் பல்லி தேடினார். பின்னால் இருந்து மதிதான் சொன்னாள்.

"அது நாங்கள் குடிக்க வைச்சிருந்த தண்ணி, மிஸ். வீட்டுக்கொரு செம்பு குடுத்தது. பவுசர் இனி நாளையிண்டைக்குத்தான் வரும்."

"வாயைப் பொத்தடி" என்று மாமி பாய்ந்தார். "வந்த ஆக்களுக்கு முன்னால கதைக்கிற கதையே இது?"

மிஸ்ஸின் கையில் இரண்டாவது கோப்பை பாதியில் இருந்தது. கீழே வைக்கப் போனவர் வைக்கவில்லை. மெதுவாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு எழும்பி, "தம்பி, உங்கட கிணத்தைக் காட்டும்" என்றார்.

கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. கிணற்றடியில் மாமி வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார். "மற்ற எதையும் கேளுங்கோ மிஸ். எங்கட கையால இந்தத் தண்ணியை மட்டும் தர ஏலாது." கடைசியில் மிஸ் தானே அள்ளித் தானே கையில் ஏந்தி ஒரு வாய் வைத்தார். வைத்ததும் கண் இரண்டும் வெளியே வந்தன. நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளை, வாழைக்குப் பின்னால் மறைந்துபோய்த் துப்பினார். நான் கொடுத்த அனுமதி வீண்போகவில்லை.

சின்ன சேர் எழுதியதை வெட்டினார். திரும்பும் வழியில் மிஸ் முடக்கில் நின்று, தாங்கிக்கு இடம் எது என்று கேட்டார். அம்மா வழக்கமாகச் சைக்கிளை நிறுத்தி இளைப்பாறுகிற இடத்தைக் காட்டினேன்.

தாங்கி உடனே வரவில்லை. கவனத்தில் எடுத்ததை இறக்கி வைக்க அவர்களுக்கும் காலம் வேண்டுமே. ஆனால் அம்மாவின் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு முன் வந்துவிட்டது. கறுப்புத் தாங்கி, சின்னப் பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். என் அபிப்பிராயம் (கேட்காவிட்டாலும் சொல்வேன்), இந்தப் பக்கம் வருகிற அதிகாரிகள் மண்டபத்துக்கு வர முதல் குசினிப் பக்கத்தால் வர வேணும். முன்பக்கத்தால் வந்தால் எங்கள் சனம் இல்லாததையும் இருக்கிற மாதிரிக் காட்டி அனுப்பிவிடும். அம்மாவுக்கு அரசியல் தெரியாது என்றேன். தெரிந்துகொண்டுதான் அந்தக் கானை உருட்டினார் என்று இப்போது நினைக்கிறேன். தன் ஒழுங்கையைப் பற்றி ஒருத்தரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது அவருக்கு. நானும் அந்த மனிசியின் பிள்ளைதான் என்று ஓட்டோவில் ஏறுகிற எல்லாருக்கும் சொல்கிறேன்.

அவர்களோ பதிலுக்கு, "துப்ப வேணுமெண்டா துப்பலாமோ தம்பி?" என்று கேட்டுவிட்டு இறங்குகிறார்கள். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளையே அதைக் கேட்டுவிட்டது. மாமிக்கு அந்தப் பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டது.

தாங்கி நிரம்பிய முதல்நாள் சைக்கிளில் இருந்து அம்மாவின் கானை அவிழ்த்தேன். முடக்குவரை நடந்துபோய் நிரப்பிக்கொண்டு வந்தேன். கலக்காத தண்ணியில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். கும்பிடக் கையெடுத்தேன். மதி பக்கத்தில் வந்து நின்று படத்தையே பார்த்தாள். பிறகு என் மண்டபக் குரலை அப்படியே எடுத்தாள்.

"பயப்படாமச் சொல்லுங்கோ அம்மா. அண்ணை வைச்சது. துப்ப வேணுமெண்டா துப்பலாம்."

அம்மா போனபிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சத்தம் கேட்டு வேலிக்கு அங்காலிருந்து பூரணம் மாமி கத்தினார்.

"என்னடா அங்க? ஆரும் வந்திருக்கினமோ? நல்ல தண்ணி கொண்டு வரட்டோ?"