போர்டில் சிரிக்கும் ஆள்

"சார், கூட்ரோட்டாண்ட போர்டுல ஒரு ஆளு போட்டோ வச்சிகிறீங்களே, அவனை நேத்து வல்லக்கோட்டை கோயில்ல பார்த்தேன் சார்."

ஸ்டேஷன் தொலைபேசியை எடுத்த ஏட்டு நடேசன் பேனா மூடியைக் கழற்றினார். இருபத்தேழு வருஷப் பழக்கம். தகவல் என்றால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

"எந்த ஆளு?"

"அதான் சார், பல்லைக் காட்டிகினு இருப்பானே, அவன். ஒரு பொம்பளையோட தர்ம தரிசன கியூவுல நின்னுகினு இருந்தான். இன்னா தைரியம் பாருங்க."

நடேசன் பேனாவை மூடினார். அந்தப் பொம்பளை அவர் மனைவி செங்கமலம். அந்த ஆள் அவரேதான். மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று முருகனிடம் மனுக் கொடுக்கப் போயிருந்தார்.

"சரி, கவனிக்கிறோம். உங்க பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு சார். அப்புறம் என்னைப் புடிச்சு உள்ள வைப்பீங்க."

போர்டு வைத்து நாலு நாள்தான் ஆகிறது. இது பதினோராவது அழைப்பு.

எல்லாம் 'மக்கள் நண்பர் மாதம்' என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவால் வந்த வினை. போலீஸ் என்றால் ஜனங்கள் பயப்படுகிறார்களாம், அதை மாற்ற வேண்டுமாம். ஸ்டேஷனுக்கு ஒருவர் என்று கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். "நீர் போயிட்டு வாரும்யா. உம்ம மூஞ்சி ஏற்கெனவே அசந்து போய்க் கிடக்கு, யாரும் பயப்பட மாட்டாங்க" என்று இன்ஸ்பெக்டர் நடேசனை அனுப்பிவைத்தார்.

கோட்டுப் போட்ட ஒருவர் வந்து சிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். மேல் வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டும் என்பது கணக்கு. கல்யாண போட்டோவில்கூடச் சிரிக்காத நடேசன் மூன்று நாள் விடாமல் சிரித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கன்னம் இரண்டும் வலித்து, வாய் மூட மறுத்த நேரம் பார்த்துப் போட்டோ எடுத்தார்கள். காக்கியைக் கண்டால் ஜனங்கள் மிரள்வார்கள் என்று கட்டம் போட்ட சட்டையில்.

கூட்டு ரோட்டில் காலியாக இருந்த ஒரே இரும்புச் சட்டம், செயின் பறிப்புத் திருடர்கள் ஐந்து பேரின் படங்கள் இருந்த போர்டை ஒட்டி நின்றது. நடேசனை அதில் மாட்டினார்கள். கீழே, 'இவர் உங்கள் நண்பர். எங்கு கண்டாலும் தயங்காமல் அணுகவும்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஸ்டேஷன் நம்பர். அந்த ஐந்து பேருக்கும் கீழே இருந்ததும் அதே நம்பர்தான்.

ஓடுகிற கம்பெனி பஸ்ஸிலிருந்து யார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்? ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் தெரிந்தது வரிசையாக ஆறு முகம். ஆறாவது ஆளுக்கு மட்டும் மாட்டிக்கொண்டோமே என்ற வெட்கமே இல்லை.

அன்று மத்தியானம் கல்யாண புரோக்கர் ரகுபதி ஸ்டேஷனுக்கே வந்தார்.

"ஏட்டய்யா, சேரப்பணஞ்சேரிக்காரங்க ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க."

நடேசன் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். அவர் மகள் சுபஸ்ரீக்கு இருபத்துநாலு முடிகிறது. இதுவரை மூன்று இடம் வந்து, ஜாதகம் பொருந்தியும் எதையோ சொல்லி நழுவிப் போனது. இது நாலாவது. பையன் தமிழ்வாணன் வல்லம் வடகாலில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. "இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும்ப்பா" என்று சுபஸ்ரீ வாயைத் திறந்து சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து இது வேண்டும், அது வேண்டும் என்று எதையும் கேட்காத பெண். அதனாலேயே இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது.

"ரெண்டு மாசமாப் பதிலே சொல்லலையே. இப்ப இன்னா திடீர்னு?"

"தெரியல. அவங்களேதான் போன் பண்ணாங்க."

"போர்டைப் பார்த்தாங்களா?"

"தெனம் அந்த வழியாத்தான போறாங்க. பார்க்காம இருப்பாங்களா?"

"அதைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"சிரிச்சாங்க" என்றார் ரகுபதி.

நடேசன் நேரே இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய் சல்யூட் அடித்தார். போர்டை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"எடுக்கிறதாவது. மாசம் முடியற வரைக்கும் இருக்கணும்னு உத்தரவு. காக்கி இல்லாததுதான்யா கோளாறு. யூனிஃபார்ம்ல மாத்தி வச்சுடுவோம்."

புதுப் போட்டோ எடுக்க நேரம் இல்லை. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே நடேசன் தலையை வெட்டி, கைவசம் இருந்த வேறொரு போலீஸ் உடம்பில் ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் போர்டு மாறியது. சிரிப்பு அதே சிரிப்பு. உடம்பு யாரோ ஒரு சப்-இன்ஸ்பெக்டருடையது. தோளில் இரண்டு நட்சத்திரம் மின்னியது. கழுத்து ஒரு விரல் அகலத்துக்கு இடப்பக்கம் விலகியிருந்தது.

பத்து மணிக்குள் நாலு அழைப்பு வந்துவிட்டது. எல்லாமே கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பையன்கள்.

"சார், ரூம் ரூமாப் போயி ரேஷன் கார்டு கேட்டு வாட்சைப் புடுங்கிட்டுப் போன டூப்ளிகேட் போலீஸ் இவன்தானா சார்?"

இந்த இடத்தில் ரைட்டர் அந்தோணிராஜுக்கு ஒரு யோசனை வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஸ்டேஷன் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில்.

"ஏட்டையா, ஒரு வரி சேத்துட்டா முடிஞ்சுது. செவப்பு எழுத்துல, 'இவர் உண்மையான போலீஸ்'னு போட்டுருவோம். பொறவு எவன் கேக்கான்?"

நடேசனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. போட்டார்கள்.

அன்று சாயங்காலம் வந்த அழைப்பை இன்ஸ்பெக்டரே எடுத்தார்.

"சார், ஒரு சந்தேகம். போர்டுல கீறவரு உண்மையான போலீஸுன்னு எழுதிகிறீங்க. அப்ப ஸ்டேஷன்ல கீற மத்தவங்க?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தப் போர்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை யாருக்கு வேண்டும்? வீட்டில் செங்கமலம் ரவை சலித்துக்கொண்டிருந்தாள்.

"பஜ்ஜி, கேசரி எல்லாம் நான் பார்த்துக்கிறேன். நீங்க அந்தப் போர்டை மட்டும் இல்லாம பண்ணுங்க. அவங்க அந்த வழியாத்தான் நம்ம வூட்டுக்கு வரணும்."

"பண்றேன்."

"அப்புறம், வந்தவங்க முன்னாடி சிரிக்காதீங்க."

சனிக்கிழமை மத்தியானம் நடேசன் ஏணி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு கூட்டு ரோட்டுக்குப் போனார். யூனிஃபார்ம் பேன்ட்டில் ஏணி ஏறினால் தையல் விட்டுவிடும். அதனால் கைக்குக் கிடைத்த கட்டம் போட்ட சட்டையையும் வேட்டியையும் அணிந்திருந்தார். மூன்றாவது முடிச்சை அவிழ்க்கும்போது ஷிஃப்ட் விட்டது. அதை அவர் யோசிக்கவில்லை.

வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வந்து நின்றன.

"டேய், போர்டுல கீறவனே போர்டைக் கழட்றான்டா."

ஒன்பது பேர் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். நடேசன் இறங்கி அடையாள அட்டையைக் காட்டினார். அதில் அவர் சிரிக்கவில்லை. போர்டில் இருக்கிற முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"கார்டு வேற அடிச்சு வச்சுக்கான் பாரு" என்றான் ஒருவன்.

"தம்பி, நான் நெசமாலுமே போலீஸ்தான்."

"அதைத்தான் போர்டுலயும் போட்டிருக்கு" என்றான் இன்னொருவன்.

ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்காரவைத்து, அவருடைய ஸ்டேஷனுக்கே கொண்டுபோனார்கள். ஆட்டோவில் யாரும் அடிக்கவில்லை. ஒரு பையன் தண்ணீர்கூடக் கொடுத்தான். நடேசனுக்கு அதுதான் உறுத்தியது. இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ பேரை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். ஒருவனுக்கும் தண்ணீர் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து பார்த்தார். அவர் மேஜையில், அந்த மாதம் பொதுமக்கள் காவல்துறைக்கு ஒத்துழைத்த சம்பவங்களை எழுதி அனுப்பச் சொன்ன படிவம் நாலு நாளாக வெறுமையாகக் கிடந்தது. ஒன்பது பேரோடும் கைகுலுக்கினார். டீ சொன்னார். பேரும் ஊரும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு நடேசன் பக்கம் குனிந்தார்.

"யோவ், கெடுத்துடாத. அவங்க போற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காரு. அரை மணி நேரம்."

நடேசன் உட்கார்ந்தார். எத்தனையோ பேரை அவர் உட்காரச் சொன்ன பெஞ்சு. ஒரு கால் ஆடும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தோணிராஜ் டீ கொண்டுவந்து கொடுத்தார். "குடிங்க ஏட்டையா. மனசுல வச்சுக்கிடாதீக."

கூட்டம் கலைந்ததும் நடேசன் எழுந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார். "ஐயா, எனக்கு ஒரு லெட்டர் வேணும். நான் போலீஸ்னு."

இன்ஸ்பெக்டருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேரப்பணஞ்சேரிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பையன், பையனின் அப்பா, அம்மா, அத்தை சுந்தராம்பாள், இன்னும் நாலைந்து பேர். முகம் சுளித்துக்கொண்டு வருவார்கள் என்று நடேசன் எதிர்பார்த்தார். பையனின் அப்பாவோ வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, பக்கத்துல உக்காருங்க."

சம்பந்தி. அந்த ஒரு சொல்லில் நடேசனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கக்கூடாது என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்து, அடக்கிக்கொண்டார். சுபஸ்ரீ காபி கொண்டுவந்தாள். பையன் அவளைப் பார்த்த பார்வையிலும், அவள் பார்க்காதது மாதிரி பார்த்ததிலும் காரியம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பஜ்ஜித் தட்டு இரண்டு சுற்று வந்தது.

பையனின் அப்பா குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, எதையும் மனசுல போட்டுக்காதீங்க. கஷ்டம் யாருக்குத்தான் வரல? எங்க வூட்லயே ஏரியில திருட்டுத்தனமா மண்ணு அடிச்ச கேஸு ஒண்ணு நாலு வருஷமா நடந்துகினு கீது."

நடேசனுக்குச் சுருக்கென்றது. போர்டைத்தான் சொல்கிறார். நேற்று ஆட்டோவில் போனதும் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய மனசாக இருந்தாலும், திருடன் மகள் என்ற பேரோடு அந்த வீட்டுக்கு சுபஸ்ரீ போகக் கூடாது. இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

"ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார்.

நேற்றே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த காக்கிச் சட்டையைப் போட்டார். மூச்சை இழுத்துப் பிடித்து பெல்ட்டை மாட்டினார். தொப்பி, ஷூ, இருபத்தைந்து வருஷத்துக்குக் கொடுத்த பதக்கம், எல்லாம் ஆனது. பயிற்சியில் சொன்னபடி முதுகை நிமிர்த்தி, கையில் லெட்டரோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

பையனின் அப்பா பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பையன் தரையைப் பார்த்தான்.

"சந்தேகமே வேணாம். இன்ஸ்பெக்டர் கையெழுத்து கீது, ரெண்டு சீல் கீது. நான் நெசமாலுமே போலீஸ்தான்" என்றார் நடேசன். மேல் வரிசையில் எட்டுப் பல்லும் தெரிந்தன.

சுந்தராம்பாள் அத்தை லெட்டரைத் தொடாமல் மெதுவாக எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போலீஸ் வூட்டுல பொண்ணு எடுக்கிறதான்னு பயந்துகினுதான்ணே ரெண்டு மாசமாப் பதிலே சொல்லல. கூட்ரோட்டுல போர்டைப் பார்த்தப்புறம்தான், நீங்க போலீஸே இல்ல, எங்களாட்டம் கேஸுல மாட்டுன சாதாரண மனுஷன்னு தெரிஞ்சு, நிம்மதியாக் கிளம்பி வந்தோம்."