ஒரே ஆள் இறக்கிய பீரோ

படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டரை. பீரோவுக்கு மேல்பக்கம் நில ஆவண அலுவலக உதவி இயக்குநரும் அவர் மனைவியும். கீழ்ப்பக்கம் மீதி உலகம்.

"கயித்த ஏங்க விட்டீங்க?" என்றாள் மனைவி.

"நான் எங்க விட்டேன்? அதுதான் என்னை விட்டுடுச்சு." அவர் சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொண்டார்.

இன்றைக்கு அவரைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் தெரிந்தவர் இல்லை. இருபத்தாறு வருஷமாக நில ஆவண அலுவலகத்துக்குப் போய்வந்த மனிதரை எதிர்வீட்டுக்காரர் "போஸ்ட் ஆபீஸ்லதானே வேலை?" என்றுதான் கேட்பார். அமைச்சரின் மைத்துனர் ஏரியை வளைத்துப் போட்ட விவகாரத்தின் கோப்புகள் அத்தனையும் ஒரு விடுமுறை நாளில் பீரோவோடு காணாமல் போயின. "நான்தான் எடுத்தேன், தனியாகத்தான் எடுத்தேன்" என்று இவர் எழுதிக் கொடுத்ததுதான் தாமதம், பால்காரர்கூட "பீரோ சார் வீடு" என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எடுத்தாரா என்றால், பாவம், இல்லை. பீரோ நடந்து போன அன்று அவர் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டில் சுருண்டு கிடந்தார். இரண்டு நாள் கழித்து அமைச்சரின் செயலாளர் போனில் மிகவும் அன்பாகப் பேசினார்.

"நீங்கதான் செஞ்சீங்க, தனியா செஞ்சீங்க. ஆறு மாசம் சஸ்பென்ஷன். அப்புறம் அதே நாற்காலி, அதே குவார்ட்டர்ஸ். ரெண்டாவதா ஒரு பேர் வெளியில வந்துச்சுன்னா, ஒரே வாரத்துல வீட்டைக் காலி பண்ணிடணும். நாற்காலிய மறந்துடணும். புரியுதா?"

மகளுக்குப் பொதுத்தேர்வு நேரம். தலையை ஆட்டினால் பல் வலிக்குமே என்று அவர் "ம்" என்றார். அந்த "ம்"தான் பிறகு நான்கு பக்க வாக்குமூலமாக வளர்ந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகைக்காரன் சும்மா இருக்கமாட்டாமல் இவர் படத்தையும் ஆறரை அடி இரும்பு பீரோவின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, "இவரா அதை இறக்கினார்? இரண்டாவது மாடியிலிருந்து? ஒரே ஆளாக?" என்று கேட்டுவிட்டான். படத்தில் பீரோ இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமாகத் தெரிந்தது. எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் விசாரணை அதிகாரி அறிவித்தார்: திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அதே படிக்கட்டில், அதே அளவு பீரோவை, நிருபர்கள் முன்னிலையில் இவர் தனியாக இறக்கிக் காட்டுவார்.

அதற்குத்தான் இந்த ஒத்திகை. குவார்ட்டர்ஸும் இரண்டாவது மாடி. பீரோவும் ஏறக்குறைய அதே உயரம். திட்டம் மனைவியுடையது.

"தூக்கவே வேணாங்க. காலி சிலிண்டர நகர்த்தினாலே உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும். படுக்க வச்சு, அடியில போர்வை போட்டு, மேல இருந்து கயித்த மெதுவா விடுங்க. அதுபாட்டுக்கு இறங்கிடும். கேட்டா, மூளையால இறக்கினேன்னு சொல்லிடுங்க."

"அது என்கிட்ட இருக்குன்னு நம்புவாங்களா?"

"அத நாளைக்குப் பார்த்துக்கலாம்."

முதல் நாலு படி பீரோ மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இறங்கியது. ஐந்தாவது படியில் அதற்கு என்ன அவசரமோ, அவரையும் இழுத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது மாடியிலிருந்து ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் காலை நடைக்கு இறங்கி வந்தார். வந்தவர் நின்றார்.

"என்ன சார் இது?"

"தனியா இறக்கிப் பார்க்கிறேன் சார்."

"தனியா மாட்டியும் வச்சிருக்கீங்க." வாத்தியார் குடையால் பீரோவையும் சுவரையும் அளந்தார். "கோணம் தப்பு. நிமிர்த்தி, சுவர்ப் பக்கமா கொஞ்சம் திருப்பினீங்கன்னா வழுக்கிட்டு வந்துடும். சின்னப் பிள்ளைக் கணக்கு."

மூன்று பேருமாக நிமிர்த்தினார்கள். நிமிர்ந்ததும் பீரோ கதவைத் திறந்தது. திறந்த கதவு கம்பிகளுக்கு நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. வாத்தியார் கணக்கில் கதவு வரவில்லை.

"கதவு இருக்கும்னு யாரு கண்டா?" என்றார் அவர்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஏறி வந்தாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராமல் தவித்தவள் அவள்.

"என்ன சார், இன்னொரு பீரோவா?"

"இது எங்க வீட்டு பீரோ!" என்று மனைவி மேலிருந்து சீறினாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. சோப்புத் தண்ணி ஊத்தினா நகர்ந்துடும். எங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுறேன்."

ஒரு வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். பீரோ நகரவில்லை. வாத்தியார் நகர்ந்தார். இரண்டு படி தள்ளிப் போய் உட்கார்ந்து, பெருந்தன்மையாக, "அடி ஒண்ணும் படல" என்றார். தையல்கார அக்காவின் வீட்டுக்காரர் கீழிருந்து தோளைக் கொடுத்தார். மேலே மூன்று பேர், கீழே இரண்டு பேர். ஐந்து பேர் தள்ளியதில் பீரோ இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தது.

உதவி இயக்குநர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "ஏம்மா, தனியா இறக்குறதுக்கே அஞ்சு பேர் ஆச்சு. நாளைக்கு இவங்கள எல்லாம் எங்க ஒளிச்சு வைக்கிறது?"

"பீரோவுக்குள்ளதான்."

அப்போதுதான் வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சார், இது காலி பீரோ. ஆபீஸ் பீரோவுல பைல் இருந்துச்சே?"

"கொஞ்சம்தான் சார் இருந்துச்சு."

"மூணு தலைமுறை ஏரிக் கணக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தானே."

உதவி இயக்குநர் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கும் அந்த அறை ஒரு கணம் அவர் கண்முன் வந்து போனது. அடுத்த வாரம் அங்கே வேறு யாருடைய திரைச்சீலையோ தொங்கும்.

வாசலில் கார் நின்றது. விசாரணை அதிகாரி இறங்கினார். ஆறடி ஆள், கலையாத சட்டை, கையில் கோப்பு. நாளைக்கு ஏற்பாடெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், திருப்பத்தில் ஐந்து பேரின் பத்துக் கைகளும் பீரோவின்மேல் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யார் இவங்கல்லாம்?"

"பார்க்க வந்தவங்க சார்," என்றார் உதவி இயக்குநர், பீரோவின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"கையால பார்க்கிறாங்களா?"

மனைவிதான் சமாளித்தாள். "சுவரெல்லாம் ஈரம் சார். அதான் பீரோவுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"எல்லாரும் கைய எடுங்க! நாளைக்கு அத்தனை கேமராவும் வருது. அவர் மட்டும் பிடிக்கட்டும்."

எடுத்தார்கள். பீரோ கிறீச்சென்று ஒரு படி இறங்கி, கதவை அறைந்து மூடிக்கொண்டது. மூடிய கதவில் உதவி இயக்குநரின் சட்டைக் கை முழங்கைவரை மாட்டிக்கொண்டது. பீரோவைத் தனியாக இறக்குவது ஒருபுறம் இருக்கட்டும், பீரோவை விட்டுத் தனியாக நிற்கக்கூட இப்போது அவரால் முடியவில்லை.

அவர் கையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சார், என்னால ஆகாது சார். நடந்ததை நடந்தபடியே சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க!" என்றாள் மனைவி.

"சொல்லாதீங்க!" என்றார் விசாரணை அதிகாரி, அவளைவிடச் சத்தமாக.

வாத்தியார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதிகாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, படிக்கட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இங்க பாருங்க. ஒரு மாசமா விசாரிச்சவன் நான். பக்கம் பக்கமா எழுதியாச்சு. இத இவர் ஒருத்தர்தான் செஞ்சார். ரெண்டாவது ஆளுக்கு இதுல சம்பந்தமே இல்ல. யாராவது வேற மாதிரி பேசினா, நாளைக்கு சாட்சிக் கூண்டுல வந்து பேச வேண்டியிருக்கும்."

யாரும் வேறு மாதிரி பேசவில்லை. தையல்கார அக்கா மட்டும், "பேசல சார். ஆனா அவர் கைய எடுக்கணுமே? எங்க கடை மெஷின இறக்குற ஆளுக்கு போன் பண்ணிட்டேன். தோ, வந்துட்டார்" என்றாள்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நிதானமாக ஏறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல பீரோவை மட்டும் பார்த்தார். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்? ரெண்டே ஆள் வேலை."

"ஒரு ஆள்!" என்றார்கள் உதவி இயக்குநரும் விசாரணை அதிகாரியும் ஒரே நேரத்தில்.

"ஒரு ஆளால ஆகாதுங்க. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்." துணைக்கு யார் தேறுவார்கள் என்று திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், விசாரணை அதிகாரியிடம் வந்ததும் முகம் மலர்ந்துபோனார்.

"அட, ஐயா இங்கயே இருக்கீங்களே, அப்புறம் என்ன கவலை! நான் கம்பிய தாண்டி மேல போறேன், நீங்க அன்னிக்கு அந்த நில ஆபீஸ் படிக்கட்டுல பிடிச்ச மாதிரியே கீழ்ப்பக்கம் பிடிச்சுக்குங்க."