பதினைந்தாவது ஆளின் வீட்டுக்காரர்

மனைவி கவுன்சிலரானால் முதலில் மாறுவது கணவனின் நடை. எனக்கும் மாறியது. தேர்தல் முடிவு வந்த மறுநாள் பால் வாங்கப் போனபோதே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். (பால் பாக்கெட்டை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால்தான்.)

எங்கள் பேரூராட்சி நெமிலிச்சேரிப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். அந்த முறை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தேர்தலில் நிற்க ஆசைப்பட்டிருந்த நான், கோபத்தைச் சாப்பாட்டில் காட்டிப் பார்த்தேன். பசித்தது. என் மனைவி ஸ்டெல்லாவைச் சுயேச்சையாக நிறுத்தினேன்.

மகளிர் குழு நடத்துகிறவள், நாலு பேருக்குத் தெரிந்த முகம். அவள் நின்றதற்கு ஒரே காரணம், மழைத் தண்ணீர். எங்கள் தெருவில் விழும் மழைக்குப் போக்கிடம் கிடையாது. ஐப்பசி வந்தால் அது நேராக எங்கள் வீட்டுக்குள் வரும். கட்டில்மேல் பீரோ துணி, துணிமேல் எங்கள் மகள் ஜெனியின் புத்தகம், அதற்குமேல் ஜெனி என்று வருஷா வருஷம் அடுக்குவோம். ஒரு கால்வாய் வந்தால் போதும் என்பது ஸ்டெல்லாவின் கட்சி. என் காரணம் போஸ்டரைப் பார்த்தாலே தெரியும். அதில் அவள் தபால்தலை அளவு. கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நிற்பது நான்.

மொத்தம் பதினைந்து வார்டு. ஒரு கட்சிக்கு ஏழு, இன்னொரு கட்சிக்கும் ஏழு. மிச்சமிருந்த ஒன்று ஸ்டெல்லா. இந்தப் பதினைந்து பேரும் கூடி ஓட்டுப் போட்டுத்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சிப் பெயரைச் சொன்னால் வம்பு. ஒன்றின் பிரமுகர் வெள்ளைக் காரில் வருவார், மற்றதின் பிரமுகர் கறுப்புக் காரில் வருவார். அப்படியே வைத்துக்கொள்வோம்.

முடிவு வந்த அன்று சாயங்காலமே இரண்டு காரும் எங்கள் தெருவில் நின்றன. வெள்ளைக் காரில் வந்தவர் பரமு. சால்வை போட்டு, "கவுன்சிலரே, உங்க கைலதான் கீது எல்லாம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் கறுப்புக் கார்க்காரர் வந்து அதையே சொன்னார். அவருக்கும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. காபி தம்ளர்களை எடுக்க வந்த ஸ்டெல்லாவை இருவரும் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், கவுன்சிலர் ஒருத்தி, கவுன்சிலரே என்று கூப்பிடுவது இன்னொருத்தனை.

அதற்குப் பிறகு எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. வெள்ளைக்கார் ஏழில் ஒருவர் கறுப்புப் பக்கம் சாய்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். கறுப்பில் ஒருவருக்குச் சொந்தத் தலைவரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று சலூனில் சொன்னார்கள். அப்படியானால் எட்டு யாரிடம் இருக்கிறது? காலையில் கணக்குப் போட்டால் வெள்ளையிடம் இருந்தது, மத்தியானம் கறுப்பிடம் போனது, ராத்திரி யாரிடமும் இல்லை. ஒரு தடவை கூட்டிப் பார்த்ததில் பதினாறு வந்தது. என்னையும் சேர்த்து எண்ணியிருந்தேன்.

தலைவர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் வெள்ளைக் கார் வந்தது. "ஏறுங்க கவுன்சிலரே, நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்" என்றார் பரமு. ஏறினேன். ஏறியதும் கைபேசியை வாங்கிக்கொண்டார். எதிர்க்கட்சி பேசிவிடக் கூடாதாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்குத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. பரமு என்னைக் கேட்டதெல்லாம், "உங்களுக்கு இன்னா வேணும்? வாய் தொறந்து கேளுங்க" என்பதுதான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணும் வேணாம். மரியாதை போதும்" என்றேன். (கால்வாய் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அதுவரை நீச்சல்குளத்தைக் கண்ணால் பார்த்திராதவனுக்கு வாய்க்கால் எப்படி ஞாபகம் வரும்.)

மூன்று நாளும் வறுத்த மீனும் நீச்சல்குளமுமாகப் போனது. எனக்கு நீந்தத் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, ஜனநாயகம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டேன். நடுவில் ஒருமுறை, மகளிடம் பேச வேண்டும் என்று கேட்டதில், பரமு பக்கத்தில் நிற்க வீட்டுக்குப் பேச விட்டார்கள்.

"எங்க கீறீங்க? சொல்லாம கொள்ளாம போய்ட்டீங்களே" என்றாள் ஸ்டெல்லா.

"நல்லா கீறேன். எங்கன்னு சொல்லக் கூடாது."

"சரி, கால்வா இன்னாச்சி?"

அதற்குள் பரமு போதும் என்று வாங்கிவிட்டார்.

ஓட்டெடுப்பு அன்று விடிந்ததும் எல்லோருக்கும் மாலை போட்டு வேனில் ஏற்றினார்கள். முன் வேனில் நாங்கள், பின்னால் பெண்கள் வேன். ஒன்பதரைக்கு மன்றக் கதவைச் சாத்திவிடுவார்கள். பாதிக்கு மேல் உறுப்பினர் உள்ளே இருந்தால்தான் தேர்தல் செல்லும். வண்டி குன்றத்தூரைத் தாண்டும்போது பரமு எல்லோரிடமும் தேர்தல் சான்றிதழைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்.

"கவுன்சிலரே, உங்களுது?"

"ஸ்டெல்லாகிட்ட கீது."

"அண்ணி பின்னால வண்டில வருதா?"

"இல்லியே. ஊட்ல கீது."

வேனில் பாட்டை நிறுத்தினார்கள். பரமு என்னை ஏறிட்டுப் பார்த்தார். பெண்கள் வண்டியில் வந்து பெண்கள் கட்டடத்தில் ஸ்டெல்லா இருக்கிறாள் என்று மூன்று நாளாக அவர் நம்பியிருக்கிறார். அவளைக் கூட்டி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக. கூப்பிட்டது என்னை, ஏறியது நான். இதில் அவள் எங்கே வந்தாள்?

"அப்ப ஓட்டு யாரு போடுவாங்க?" என்றார் பரமு.

"அவதான். நான் சொன்னா போட்டுடுவா."

"சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள போனை நீங்க வாங்கிகினீங்களே."

"அண்ணாத்தே," என்றார் பரமு. மூன்று நாளில் முதல்முறையாகக் கவுன்சிலர் பட்டம் என்னைவிட்டுப் போனது. "அப்ப அந்த வஞ்சிர மீனெல்லாம் உனக்கா வறுத்துப் போட்டோம்?"

ஸ்டெல்லாவை ஏற்றிக்கொள்ள இரண்டு வேனும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பின. குமணன்சாவடியில் ஒரு லாரி குறுக்கே நின்று போக்குவரத்து உறைந்து கிடந்தது. ஏழு கவுன்சிலர்களும் ஜன்னல் வழியே தலையை நீட்டி லாரி டிரைவரிடம் தங்கள் பதவியைச் சொன்னார்கள். அவர் கர்நாடகத்துக்காரர். ஒருவழியாக வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு.

எதிர்வீட்டு அக்கா சொன்னார். "ஸ்டெல்லா உனக்காக வாசல்லயே உக்காந்துகினு இருந்துது. நேரமாச்சின்னு ஷேர் ஆட்டோ புடிச்சி போயிடுச்சி. நீ இன்னா, கல்யாணத்துக்குப் போனவன் கணக்கா வந்து நிக்கிற?"

மன்ற வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே கறுப்புக் கார் ஏழு பேர், ஸ்டெல்லாவோடு எட்டு. வெள்ளைக் கார் ஏழு பேரும் வெளியே, என் பக்கத்தில். ஏதாவது ஒரு தரப்பை எட்டு ஆக்க வேண்டியவள் உள்ளே இருக்க, நான் ஏன் வெளியே மாலையோடு நிற்கிறேன் என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

உள்ளே நடந்ததை ஸ்டெல்லா பிறகு சொன்னாள். இவள் உட்காராமல் வெளியே போய்விட்டால் மிச்ச ஏழு பேரை வைத்துக்கொண்டு தேர்தல் நடத்த முடியாது என்று அதிகாரி சொன்னதும், கறுப்புக் கார்க்காரர் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். காபி தம்ளர் இல்லாமல் அவளைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்முறை.

"அம்மா, நீங்க உக்காந்தாப் போதும்" என்றாராம்.

இவள் நின்றுகொண்டே, "எங்க தெருவுக்குக் கால்வா போட்டுத் தருவீங்களா? முதல் கூட்டத்துல முதல் தீர்மானமா வரணும். எல்லாரும் கேக்கச் சொல்லுங்க, உக்கார்றேன்" என்றாளாம். அவர் எல்லோரும் கேட்கச் சொன்னார். உட்கார்ந்தாள். கறுப்புக் கார்க்காரர் போட்டியில்லாமல் தலைவரானார்.

அவள் வெளியே வந்தபோது பரமு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். "இளைச்ச மாதிரி தெரியலியே" என்றாள். மூன்று நாளாகத் தெரியாத வெட்கம் அப்போதுதான் எனக்கு மொத்தமாக வந்தது.

அடுத்த மழைக்கு முன் கால்வாய் வந்துவிட்டது. தெருக்காரர்கள் அதற்கு 'ரிசார்ட்டுக் கால்வா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொரியர் பையன்களுக்குக்கூட அப்படித்தான் வழி சொல்கிறார்கள். ஐப்பசியில் வீடு காய்ந்தே இருக்கிறது, ஜெனி தரையில் உட்கார்ந்து படிக்கிறாள். "டாடி மூணு நாள் தண்ணில நின்னாரு, அதான் ஊட்டுக்குள்ள தண்ணி வர்றதில்ல" என்று வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

ஸ்டெல்லா அப்படிச் சுற்றி வளைப்பதில்லை. நான் சட்டை மாட்டினாலே கேட்டுவிடுவாள். போன வாரம் பல் பிடுங்க ஐயப்பன்தாங்கல் வரை கிளம்பினேன். கன்னம் வீங்கி, பேச முடியாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பல்லு யாருதுன்னு நல்லாப் பாத்துக்கோங்க. நீங்க போனாப் போதுமா, நானும் வரணுமா?"