இருக்கறதுலயே வயசானது

"இந்த வீட்டுக்குள் நாய் வராது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. அப்போது கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

காரணம், சோபா. நான் சோபாக் கடையில் விற்பனையாளன். "பிளாஸ்டிக் உறையை இன்னைக்கே பிரிச்சிடுங்க சார், சோபா மூச்சு விடணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்வேன். என் வீட்டு சோபா வாங்கிய நாளிலிருந்து மூச்சு விட்டதில்லை. உட்கார்ந்தால் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற மாதிரி சத்தம் போடும். அதை ஒரு நாய் கடித்துக் குதற விட்டுவிடுவேனா?

மனைவி காபியோடு வந்து உட்கார்ந்தாள். சோபா கத்தியது.

"என்னங்க, ஒரு நாய்க்குட்டி வளர்ப்போமா?"

"வேண்டாம்."

"துறுதுறுன்னு ஓடும்."

"அதான் வேண்டாம்."

"கண்ல பட்டதை எல்லாம் கடிக்கும்தான். கொஞ்ச நாள்ல சரியாயிடும். அப்புறம் பதினஞ்சு வருஷம் நம்மகூடவே இருக்கும்."

"பதினஞ்சு வருஷமா!"

எழுந்து முகம் மழிக்கப் போனேன். நுரை தடவியதும் எனக்கு மூளை வேலை செய்யும். வயசான நாயாக எடுத்தால்? ஓடாது. கடிக்காது. சீக்கிரமே... மீதியை அன்று மனதுக்குள் சந்தோஷமாகச் சொல்லி முடித்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்தேன்.

"குட்டின்னா யார் வேணும்னாலும் எடுத்துப்பாங்க. வயசானதுங்களுக்கு யாரு இருக்கா, பாவம்? அப்படி ஒண்ணை எடுப்போம்."

"உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசா!" என்றாள். அவள் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் மறுபாதி முகத்தை மழித்தேன்.

நாய்க் காப்பகத்தில் ஓர் அம்மாள் எங்களை வரவேற்றார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"இருக்கறதுலயே வயசானது எது?"

அவர் ஏனோ என் மனைவியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அழைத்து வந்தார். மூக்கெல்லாம் நரை. ஒரு காது கேட்காது. நாலு கால்களிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் ஓர் அடி எடுத்து வைத்தது. எனக்குப் பரம திருப்தி.

மனைவி அதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்தாள். மரியாதையும் கொடுத்தாள். "அவர் தூங்கறார், டிவி சத்தத்தைக் குறைங்க." இத்தனை வருஷத்தில் என் தூக்கத்துக்காக அந்த டிவி ஒருநாளும் குறைந்ததில்லை.

டாக்டர் பெரியவரின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். "இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. கொஞ்ச காலம்தான்" என்றார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் விசில் அடித்தேன். அந்த விசில்தான் இன்னும் என் காதில் கேட்கிறது.

பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. வேளாவேளைக்குக் கோழி வேகவைத்துப் போட்டவள் என் மனைவி. அவர் ஒட்டிக்கொண்டதோ என்னிடம். குளியலறைக் கதவுக்கு வெளியே காவல் இருப்பார். கடையிலிருந்து நான் திரும்பும் நேரத்துக்கு முன்பே வாசலில் வந்து படுத்துக்கொள்வார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முடியாமல் வாலை மட்டும் தரையில் அடிப்பார். எங்கள் வீட்டில் என் வரவை அப்படி யாரும் கொண்டாடியதில்லை. நானும் அதற்குத் தகுந்த மாதிரி எதுவும் செய்ததில்லை.

ஒரு மாலை சோபாவில் என் பக்கத்தில் ஏறப் பார்த்தார். பிளாஸ்டிக் வழுக்கியது. விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். கடைசியில் என் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு, நான் ஏதோ பெரிய இடம் கொடுத்துவிட்ட மாதிரி பெருமூச்சு விட்டார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

"என்னங்க சத்தம்?" சமையலறையிலிருந்து மனைவி.

"ஒண்ணுமில்ல, சோபாவைத் தூசி தட்டறேன்."

வந்து எட்டிப் பார்த்தாள். "கத்தரிக்கோலாலயா?"

பெரியவரைத் தூக்கி சோபாவில் விட்டேன். அன்றைக்குத்தான் சோபா முதல் மூச்சை விட்டது.

மழைக்காலம் முடிந்தபோது பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தினார். மூச்சு இழுத்தது. டாக்டர் வீட்டுக்கே வந்தார். "இதுக்கு மேல இழுத்துப் பிடிச்சா அவருக்குத்தான் கஷ்டம். வலியில்லாம அனுப்பிடலாம்" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் டாக்டர். வேற மருந்து ஏதாவது இருக்குமே" என்று கெஞ்சினேன். கொஞ்ச காலம்தான் என்று கேட்டு விசில் அடித்த அதே ஆள். பெரியவர் சோபாவில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். ஊசி இறங்கியபோது வால் ஒரு தடவை ஆடியது, என்னைப் பார்த்துத்தான். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் ஓடி வருகிற அளவுக்கு அழுதேன்.

மீதி மருந்தையும் போர்வையையும் காப்பகத்துக்குக் கொடுக்கப் போனோம். அங்கே அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி யாரு சார் இருக்கா? இந்த அக்கா முன்னாடி வாராவாரம் வந்து உங்க பெரியவர்கூட உட்கார்ந்திருப்பாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். 'நான் கேட்டா எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். குட்டி வேணும்னு கேக்கறேன். அவரே வந்து வயசானதைக் கேப்பார், பாருங்க'ன்னாங்க. அப்படியே கேட்டீங்க!"

மனைவி மடித்த போர்வையையே மறுபடி மடித்தாள். என் மனசின் சந்துபொந்தெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கூடவே இருந்திருக்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"எதுக்காக வயசானதைக் கேட்டேன்னும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறமும் பெரிய மனசுன்னு சொன்னியே?"

"பின்னாடி வந்துடும்னு நம்பித்தான்." மூக்கை உறிஞ்சினாள். "போதுங்க. இனிமே நமக்கு நாயே வேண்டாம். சோபாவுக்குப் புதுசா ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு நிம்மதியா இருப்போம்."

எனக்குச் சுருக்கென்றது.

"என்ன பேசற நீ? பெரியவர் படுத்த சோபாவுக்கு உறையா? இங்க இருக்கறதுங்களுக்கெல்லாம் யாரு இருக்கா?" அம்மாள் பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்கம்மா. இப்ப இருக்கறதுலயே வயசானது எது?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி கைப்பையைத் திறந்து, புதுக் கழுத்துப்பட்டையை எடுத்து நீட்டினாள்.