காணாமல் போன ‘அடுத்து’

இந்த லேப்டாப்பை ஓட வைக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று வேதகிரி வாத்தியார் சபதம் போட்டபோது ஆயுதபூஜைக்கு மூன்று நாள் இருந்தது. உத்திரமேரூர் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். சென்னை அறக்கட்டளை ஒன்று அந்தப் பள்ளிக்குப் பத்துக் குட்டி லேப்டாப் கொடுத்திருந்தது. மலிவுச் சரக்கு. அதில் கணக்குப் பாடம் ஓட வேண்டும். பூஜை லீவு முடிந்ததும் பார்க்க வருவார்கள். ஓடவில்லையென்றால் பத்தும் மாகறல் பள்ளிக்குப் போய்விடும். தலைமையாசிரியை ஆண்டாளம்மாளிடம் மார்தட்டி, ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார் மனிதர்.

மனைவி கனகா ஆசையாக எட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள்.

“கைய வெக்காத. இது இன்னா மிக்ஸின்னு நெனச்சுக்கினியா?”

கனகா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது இருபது வருஷமாகியும் வேதகிரிக்கு உறைக்கவில்லை.

பாடம் திறந்தது. யானை வந்து தும்பிக்கையை ஆட்டியது. ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தவும் என்றது ஒரு பெண்குரல். திரையில் அப்படி ஒரு பொத்தான் இல்லவே இல்லை. மேலே தேடினார், மூலையில் தேடினார், லேப்டாப்பைக் கவிழ்த்து அடியிலும் தேடினார். குரல் மட்டும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டே நாளில் தெருப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். எதிர்வீட்டு எல்லப்பன் போகும்போதும் வரும்போதும் மீசையையே பார்த்தான்.

அப்போதுதான் அந்த அபார யோசனை வந்தது. பூஜையில் வைத்துவிட்டால்? பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது, ஓட்டிக் காட்டச் சொல்லவும் முடியாது. ஒரு நாள் மானம் தப்பும். அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துவிட்டுப் பொரிகடலை வாங்கக் கிளம்பினார். திரும்பி வந்தால், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள் கனகா. லேப்டாப்பைத் திறந்து, உள்ளே வலதுபக்கம் ஒரே ஒரு பட்டனில் மட்டும் குங்குமம்.

மூடிமேல் வைத்தால் ஆகாதா என்று பாய்ந்தார். அங்கே வைக்கத் தோன்றியது என்றாள்.

ஒன்றை வாத்தியார் மறந்துவிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமிக் காலையில் எடுத்து ஒரு தரமாவது பயன்படுத்தியாக வேண்டும். கனகா மறக்கவில்லை. அவர் குளித்துவிட்டு வந்தால் கூடம் நிறைய ஜனம். முன்னால் நாற்காலியில் ஆண்டாளம்மாள். எல்லார் கையிலும் சுண்டல்.

யானை வந்தது. ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தவும் என்று பிள்ளைகளும் கூடவே ராகம் போட்டார்கள். வேதகிரி மறுபடியும் திரையை மூலைமூலையாகத் தேடினார். கரண்ட் போகக்கூடாதா என்று வேண்டிக்கொண்டார். போயிற்று. லேப்டாப் பேட்டரியில் ஓடியது.

காதருகே கனகா குனிந்தாள்.

“பொட்டு வெச்ச எடத்துல அமுக்குங்க.”

அமுக்கினார். யானை ஒரு தோசையை நாலாகப் பிய்த்துக் கால் பாகத்தைத் தின்றது. பின்னம் ஆரம்பமாகிவிட்டது. கூடமே கைதட்டியது. மீசை பிழைத்தது என்று வாத்தியார் தடவிக்கொண்டார்.

ஆண்டாளம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. கனகாவிடம்தான் எப்படி என்று கேட்டார்.

“பெரிய கம்ப்யூட்டருக்குப் பண்ண பாடம் டீச்சர். இது சின்னது, அந்தப் பொத்தான் கீள போயி மறைஞ்சுக்குது. கண்ணுக்குத் தெரியலன்னாலும் அங்கதான் கீது. இவரு பொரி வாங்கப் போன நேரம் ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்தேன். இது கேட்டுக்கிச்சு.”

முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தார் வேதகிரி.

“மிக்ஸி இல்லன்னீங்களே” என்றாள் கனகா.

ஆண்டாளம்மாள் சுண்டலை முடித்துவிட்டு எழுந்தார்.

“இன்னும் ஒம்பது லேப்டாப் கீது வேதகிரி சார். நாளைக்குக் காலையில வூட்டம்மாவ இட்டுக்கினு வாங்க. நீங்க குங்குமச் சிமிழப் புடிச்சுக்கினு நின்னா போதும்.”