மூன்றாம் மாடியில் மோட்டார் பள்ளி

சுவீடன் போர்க்களம் கண்டு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இதற்கு ராஜதந்திரம், பூகோளம் என்று அறிஞர்கள் ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். உண்மைக் காரணம் எளியது. சண்டை போட அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் கூட்டத்தில் இருக்கிறார்கள். இந்த மகத்தான மரபை அலுவலகத்தோடு நிறுத்திவிடாமல் சமையலறை மேசைவரை கொண்டுவந்து சேர்த்த பெருமை, வேனர்ன் ஏரிக்கரையில் உள்ள லின்வீக் நகராட்சியின் 'வியூக ஒருங்கிணைப்பாளர்' ஸ்டெலான் பெரிக்விஸ்டையே சாரும்.

எதை எதனோடு ஒருங்கிணைக்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காக அவர் ஒரு கூட்டம் போட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஊர் முழுக்க நடப்பதுபோல அவர் வீட்டிலும் சாப்பாடு டாக்கோ என்ற மடித்த சோள ரொட்டி. ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகும் மகள் தூவா, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அறிவித்தாள்.

"நான் கார் மெக்கானிக்குக்குப் படிக்கப் போறேன்."

ஸ்டெலான் கோபப்படவில்லை. அவர் நவீனத் தந்தை. "அருமை!" என்றார். "உன் உணர்வை வரவேற்கிறேன். இதுக்கு ஒரு குழு அமைக்கணும்."

"எதுக்குக் குழு?" என்றாள் மனைவி பெர்னில்லா. அவள் பிரசவம் பார்க்கும் செவிலி. எதையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது அவள் வழக்கம். "ஊர்ல கார் படிப்புக்கு ரெண்டே பள்ளிக்கூடம். போய்ப் பாத்துட்டு வந்தா தீந்துது."

"பார்க்கலாம். எதை வச்சுப் பார்க்குறது?"

"கண்ணை வச்சுப் பாரு."

கண் ஓர் அளவுகோல் அல்ல என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அன்றிரவே 'வழிநடத்தும் குழு' உருவானது. தலைவர், ஸ்டெலான். செயலாளர், அவரே. உறுப்பினர், பெர்னில்லா. தூவா, 'பாதிக்கப்படும் தரப்பு'.

"பாதிக்கப்படும்னா?" என்றாள் தூவா.

"உன் கருத்தையும் கேட்போம்னு அர்த்தம்."

"கேட்டுட்டு?"

"பதிவு பண்ணுவோம்."

பள்ளிகளை மதிப்பிட அவர் வகுத்த தலைப்புகள் நகராட்சித் தரத்துக்கு ஒரு மாற்றும் குறையாதவை: தொலைநோக்கு, விழுமியம், சூழல், காபி. கார் என்பது 'இதர' என்ற தலைப்பின் கீழ் வந்தது.

முதலில் 'நாளைய நகர்வு அகாடமி'க்குப் போனார்கள். அது கடைவீதி வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு அரசுப் பணம் வருவதால், அகாடமி தலைகளை மிகவும் மதித்தது. கைகளைப் பற்றி அதற்குத் தனிப்பட்ட கருத்து எதுவும் இல்லை.

வெள்ளைக் காலணி அணிந்த ஃபாபியான் மெலாண்டர் வரவேற்றார். அவர் தலைமையாசிரியர் அல்ல. 'கற்றல் பயணத் தலைவர்'.

தூவா லிஃப்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எட்டுப் பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கு. காரை எப்படி மேல கொண்டுவர்றீங்க?"

ஃபாபியான் கனிவோடு சிரித்தார். "காரைக் கொண்டுவரணும்ங்கிற எண்ணமே பழசு, தூவா. நாங்க மாணவனைக் காருக்குள்ள கொண்டுபோறோம்."

தூவாவின் தலையில் மெய்நிகர்க் காட்சி காட்டும் ஒரு கனத்த கண்ணாடியை மாட்டினார்கள். தூவா காற்றில் கையை ஆட்டி, காற்றில் இருந்த ஒரு பிரேக்கைக் கழற்றி மாட்டினாள். கண்ணாடி கைதட்டியது. அறை முழுக்க எஞ்சின் ஆயில் வாசனை கமகமத்தது. சுவரோரம் ஒரு சின்ன இயந்திரம் அதை மெல்லப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தாவரச் சாறாம், துணியில் கறை படியாதாம்.

"பாத்தியா, சூழல்!" என்று ஸ்டெலான் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

"எனக்குத் தும்மல் வருது" என்றாள் பெர்னில்லா.

அகாடமிச் சின்னம் பொறித்த ஜாக்கெட்டில் ஓர் இளைஞன், பெயர் லூடே, காபி கொண்டுவந்தான். தூவா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்கதான் படிச்சியா?"

"ஆமா! போன வருஷம் முடிச்சோம். எங்க வகுப்புல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாருக்கும் வேலை கிடைச்சிருச்சு."

"எந்தப் பட்டறைல?"

"இங்கதான். ஒருத்தன் கண்ணாடிக்கு சார்ஜ் போடுறான். வாசனைக்கு ஒருத்தி. மத்தவங்க வர்றவங்களை வரவேற்கிறோம்."

"நீ எப்பவாச்சும் ஏதாச்சும் ரிப்பேர் பண்ணியிருக்கியா?"

லூடே நல்ல பையன். நேர்மையாக யோசித்தான். "சைக்கிள் செயின் கழண்டப்போ மாட்டினேன்" என்றான். "ரோட்டுல போன ஒருத்தர் கொஞ்சம் உதவி பண்ணாரு."

ஸ்டெலான் நெகிழ்ந்துபோனார். பெற்ற பிள்ளைகளையே வீட்டைவிட்டு அனுப்பிவிடும் இந்தக் காலத்தில், தன் மாணவர் ஒருவரைக்கூட வெளியே விடாத பள்ளி! விழுமியத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்.

அடுத்த வாரம் நகராட்சித் தொழிற்பள்ளி. அது குப்பை எரிக்கும் ஆலைக்குப் பின்னால் இருந்தது. வரவேற்க யாருமில்லை. பனிச்சேற்றில் இடம் தேடி, பனி மூடிய ஒரு பலகையின் கீழே காரை நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு?" என்றன பூட்ஸ்கள்.

"பள்ளியைத் திறந்து காட்டுற நாள்னு வந்தோம்."

"கதவு திறந்துதானே கிடக்கு?"

வெளியே உருண்டு வந்தவள் சீவ் லிண்ட்ரூத், பள்ளியின் மூத்த ஆசிரியை. பெற்றோர் வரும் நாள் என்பதையே மறந்துவிட்டிருந்தாள். அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

"உங்க பள்ளியோட தொலைநோக்கு என்ன?" என்று கேட்டார் ஸ்டெலான்.

"எனக்குக் கிட்டப்பார்வை. அந்த மேசைல மூக்குக்கண்ணாடி கிடக்கும் பாரு, எடு."

ஓய்வறையில் அவள் ஊற்றிய காபி, காபி என்ற தலைப்புக்கே அவமானம். நேற்றைய இலவங்கப் பட்டை பன் ஒன்றும் கிடைத்தது. ஸ்டெலான் விழுமியங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சீவ் பன்னைத் தின்றுகொண்டே இருந்தாள். தூவா எப்போது நழுவினாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது பட்டறை நடுவே ஒரு கார் அந்தரத்தில் நின்றது. சக்கரங்கள் ஒரு பக்கம், பிரேக் உறுப்புகள் ஒரு பக்கம். சுற்றிலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். நடுவில், முழங்கைவரை கறுத்த கைகளோடு தூவா.

"நல்ல பயிற்சி" என்று ஸ்டெலான் பெருந்தன்மையோடு பாராட்டினார். பிறகு எண்பலகையைப் பார்த்தார். அவர் கார்.

"யாருடா இதைப் பிரிச்சது?" சீவ் கத்தினாள்.

"'பிரிக்கலாம்'ங்கிற பலகைக்குக் கீழ நின்னுது, சீவ். சாவியும் உள்ளயே இருந்துது. உள்ள ஓட்டிட்டு வந்தோம்" என்றான் ஒரு மாணவன்.

"அப்பா!" தூவாவின் முகம் மலர்ந்திருந்தது. "உன் பின் பிரேக் துருவேறி அப்படியே கவ்விக்கிட்டு நிக்குது. இத்தனை நாளும் பிரேக்கைப் போட்டுக்கிட்டேதான் ஓட்டியிருக்கே! உனக்குத் தெரியவே இல்லையா?"

"ஆஃபீஸ்ல பழகியிருக்கும்" என்றாள் பெர்னில்லா.

"பிரிச்சவங்க பூட்டுங்க" என்றாள் சீவ். "புதுசா வந்தவளே, நீயும்தான்."

ஸ்டெலான் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார். எல்லாம் பூட்டிய பின் ஒரு போல்ட் மிச்சமிருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சீவ் எதையும் கேட்கவில்லை. "மறுபடி முதல்லேர்ந்து" என்றாள். யாரும் முணுமுணுக்கவில்லை. தூவா நாக்கைக் கடித்துக்கொண்டு மீண்டும் காருக்கு அடியில் போனாள். பள்ளிப் பாடம் எதற்கும் அவள் அப்படிக் குனிந்து அவர் கண்டதில்லை. மதிப்பெண் தாளை வெளியே எடுத்தார். அது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று யோசித்தார். எதன் கீழும் வரவில்லை. விட்டுவிட்டார்.

குழு கூடியது. அவர் தயாரித்த அறிக்கை ஒரு கலைப்படைப்பு. வண்ண அட்டவணைகள், அம்புக்குறிகள். அகாடமிக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். தொழிற்பள்ளிக்கு, 'தொலைநோக்கு: இல்லை. விழுமியம்: கேட்டும் பதிலில்லை. சூழல்: எண்ணெய்.' பன்னுக்காக மட்டும் ஏதோ கொஞ்சம்.

பெர்னில்லா கடைசிவரை புரட்டினாள். "இதுல தூவா எங்க இருக்கா?"

"பின்னிணைப்புல."

"ஸ்டெலான், இவ பொறந்தப்போ தலை முதல்ல வந்துது. தொலைநோக்கு என்னன்னு நீ அப்பக்கூடக் கேட்கலை. அழுதே. அந்த மனுஷன் எங்க போனான்?"

தூவாவுக்கும் ஓட்டு உண்டு என்று பெர்னில்லா சொல்லிவிட்டாள். இரண்டுக்கு ஒன்று. தலைவர் தோற்றார். ஆனாலும் அவர் நல்ல மனிதர். அன்றே மகளோடு உட்கார்ந்து தொழிற்பள்ளிக்கு விண்ணப்பம் போட்டார். இடமும் கிடைத்தது. முதல் நாள் பள்ளிவிட்டு வந்து தூவா அவரைக் கட்டிக்கொண்டபோது சட்டையில் எண்ணெய்க் கறை பட்டது. அதை அவர் துவைக்கப் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவ்வளவு அழகான அறிக்கை வீணாகலாமா? அலுவலகத்தில் 'முன்மாதிரி' என்று நாலு பேருக்குச் சுற்றுக்கு விட்டார். நாலு பேர் நாற்பது பேருக்கு விட்டார்கள். இலையுதிர்காலத்தில் அது நகர மன்றத்துக்கு வந்து சேர்ந்தது. தொலைநோக்கே இல்லாத ஒரு பள்ளியை நகராட்சி நடத்துவதா? அதை 'மேம்படுத்துவது' என்று முடிவாயிற்று. அதாவது, மூடுவது. பட்டறையை, டென்னிஸ் போன்ற பேடல் ஆட்டத்துக்குக் களமாக மாற்றலாம் என்று ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. மாணவர்களுக்கு அகாடமியில் இடம் உண்டு. லிஃப்டில் எட்டு எட்டுப் பேராக ஏறலாம்.

ஸ்டெலான் பதறிக்கொண்டு மன்றக் கூட்டத்துக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாக, குறிப்பு எதுவும் இல்லாமல் எழுந்து நின்றார்.

"அந்தப் பள்ளியை மூடக்கூடாது. அங்கே என் மகள் படிக்கிறா. அவ முகத்தை நீங்க பார்க்கணும்..."

"முகமா?" மன்றத் தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிக்கையைப் புரட்டினார். "முகத்தைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே, ஸ்டெலான். நீங்களே எழுதினது. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க! இதை எங்களால மறுக்க முடியலை."

அவராலும் மறுக்க முடியவில்லை. அட்டவணை அவ்வளவு நன்றாக இருந்தது.

சீவ் பக்கத்து நகரத்துப் பள்ளிக்குப் போனாள். தூவாவும் அவள் பின்னாலேயே போனாள். விடியுமுன் ஒரு பஸ், இருட்டிய பின் ஒரு பஸ். ஸ்டெலானுக்குப் பதவி உயர்வு வந்தது. இனி அவர் 'எதிர்கால இயக்குநர்'. அலுவலகத்தில் வெட்டிய பச்சை நிறக் கேக்கில் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளுக்காகக் காத்திருந்தார்.

தூவா வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். நகக்கண்ணில் கறுப்போடு கேக்கை எடுத்துத் தின்றாள்.

"இதெல்லாம் நான் உனக்காகத்தானே ஆரம்பிச்சேன், தூவா" என்றார் அவர், மெதுவாக.

"தெரியும்ப்பா." அவள் விரலை நக்கிக்கொண்டாள். "தொலைநோக்குன்னா என்னன்னு ரொம்ப நாளாப் புரியலை. இப்பப் புரிஞ்சுது. நீங்கல்லாம் எதை நோக்குறீங்களோ, அது தொலையும்."